சிவப்பை அழிக்கும் முன்

தேனியில் புகைப்படக் கலைஞர்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



எனக்குக் கொடுத்த தலைப்பு, முகப்படங்களில் விழும் சிவப்புக் கண்ணை மென்பொருளில் சரிசெய்வது. என்னை அழைக்க வந்த தம்பி ஒருவர், "அது ஒரு கிளிக் வேலைதானேண்ணே, அதுக்குப் போய் ஒரு மணி நேரம் பேசணுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு கிளிக்தான். ஆனால் அந்த ஒரு கிளிக் எதைப் பார்த்து முடிவு செய்கிறது, எங்கே ஏமாறுகிறது, எதைத் துடைத்துப் போடுகிறது என்று பேச ஆரம்பித்தால் நேரம் போதாது. அதிலும் குழந்தைகளைப் படமெடுக்கிற நமக்கு இது தெரிந்தே ஆக வேண்டும். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் தொழிலைப் பேசுவோம்.

கண்ணின் நடுவில் இருக்கும் பாவை ஏன் கறுப்பாகத் தெரிகிறது? அங்கே கறுப்பான பொருள் எதுவும் கிடையாது. அது ஒரு துவாரம். ஆழக் கிணற்றை மேலிருந்து எட்டிப் பார்த்தால் இருட்டுத்தான் தெரியும். டார்ச்சைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்து, வெளிச்சம் போகிற வழியிலேயே பார்வையையும் விட்டால்தான் அடியில் கிடக்கும் தண்ணீர் கண்ணில் படும். கண்ணுக்கும் அதே கணக்குத்தான். 1851இல் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ், விளக்கொளியைக் கண்ணாடித் தகட்டில் பட்டுத் திரும்பவைத்து இன்னொருவர் கண்ணுக்குள் அனுப்பினார். ஒளி போன வழியிலேயே தானும் பார்த்தார். உயிரோடு இருக்கும் மனிதரின் விழித்திரை அவருக்குத் தெரிந்தது. கண் மருத்துவர் இன்று நம் முகத்துக்கு வெகு அருகில் வந்து பிடித்துப் பார்க்கிறாரே ஒரு சின்ன விளக்குக் கருவி, அதன் தொடக்கம் இந்த அமைப்புதான்.

லென்ஸை ஒட்டிக் கிடக்கும் பிளாஷ் தற்செயலாக அதே காரியத்தைச் செய்துவிடுகிறது. ஒளி பாவைக்குள் நுழைகிறது, விழித்திரையில் படுகிறது. விழித்திரைக்குப் பின்னால் இரத்தக் குழாய்கள் நிறைந்த ஒரு படலம் இருக்கிறது. அங்கே பட்டுத் திரும்பும் ஒளியில் சிவப்புத்தான் மிச்சம். கண் ஒரு லென்ஸ் என்பதால், வந்த ஒளியை அது வந்த திசைக்கே கற்றையாகத் திருப்பி அனுப்பும். அந்தத் திசையில் நம் கேமரா லென்ஸ் இருந்தால் சிவப்பு பதிவாகிவிடும். ஆக, படத்தில் விழுவது அந்த மனிதரின் சொந்த இரத்தத்தின் நிறம்.

இதற்கு இரண்டு காரணங்கள் ஒன்றுசேர வேண்டும். ஒன்று, பாவை விரிந்திருக்க வேண்டும். நல்ல வெயிலில் பாவையின் குறுக்களவு 2 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கும். இருட்டில் இளம் வயதினருக்கு 8 மில்லிமீட்டர் வரைகூட விரியும். குறுக்களவு நான்கு மடங்கு என்றால் பரப்பு பதினாறு மடங்கு. பிளாஷ் வெட்டுவதோ ஏறத்தாழ ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம். வெளிச்சம் பட்டபின் பாவை சுருங்கத் தொடங்கவே கால் நொடி பிடிக்கும். அது சுதாரிப்பதற்குள் படம் முடிந்துவிடுகிறது.

இரண்டாவது காரணம் கோணம். ஆளின் கண்ணிலிருந்து பார்த்தால் லென்ஸுக்கும் பிளாஷுக்கும் நடுவே எத்தனை பாகை என்பதுதான் கேள்வி. இரண்டரை, மூன்று பாகைக்குக் குறைந்தால் சிவப்பு விழ வாய்ப்பு அதிகம் என்பது பொதுக் கணக்கு. பிளாஷ் லென்ஸிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிற சின்னக் கேமராவில், 1 மீட்டர் தூரத்து ஆளுக்குக் கோணம் கிட்டத்தட்ட 2.9 பாகை. அதே ஆள் 2 மீட்டர் தள்ளிப் போனால் 1.4 பாகை. அதாவது தள்ளிப் போகப் போகச் சிவப்பு கூடும். பிராக்கெட் போட்டு பிளாஷை 20 சென்டிமீட்டர் உயர்த்திய பெரிய கேமராவில் 2 மீட்டருக்கு 5.7 பாகை வரும், கவலை இல்லை. ஆனால் மண்டபத்து மேடையில் சொந்தபந்தம் முழுவதையும் நிறுத்தி 5 மீட்டர் பின்னால் வந்து எடுத்தால் அது 2.3 பாகைக்கு இறங்கிவிடும். "கிட்ட எடுத்த படமெல்லாம் நல்லா இருக்கு, குரூப் போட்டோவில் மட்டும் கண்ணு சிவக்குது" என்று கேட்பவர்களுக்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது.

மக்னீசியம் பொடியைத் தட்டில் வைத்துக் கொளுத்திய காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. 1887இல் ஜெர்மனியில் வந்த பிளாஷ் பொடியைக் கேமராவுக்கு எட்ட நின்றுதான் கொளுத்த வேண்டும். 1930ஐ ஒட்டிப் பல்பு வந்தது. அப்போதும் பெரிய கிண்ணத்தோடு பக்கவாட்டில் இருந்ததால் கோணம் தப்பித்தது. கேமரா சட்டைப் பைக்குள் அடங்க ஆரம்பித்தபோதுதான் வினை பிடித்தது. 1965இல் கேமராவின் தலையிலேயே செருகும் சதுர பிளாஷ் கட்டி வந்தது. வீட்டுக்கு வீடு சிவப்புக் கண். அதன்பின் அந்தக் கட்டியை உயர்த்தி வைக்க ஒரு குச்சி விற்றார்கள். எழுபதுகளில் பல்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே இருக்கும் பல்பு மட்டும் வெடிக்கும்படி செய்தார்கள். எல்லாமே அந்த இரண்டு மூன்று பாகையைத் தாண்டுவதற்கான பாடு. நம் பக்கத்துக்கு இந்தத் தொல்லை எண்பதுகளின் ஹாட்ஷாட் கேமராவோடும், பிறகு கோடாக் கேபி 10 போன்ற சின்னக் கேமராக்களோடும் வந்து சேர்ந்தது. அந்தக் காலத்து வீட்டு ஆல்பங்களைத் திறந்தால் பாதிப் பேர் கண் சிவந்துதான் இருப்பார்கள்.

தொழிலுக்கு இந்தப் பள்ளத்தாக்கு கொஞ்சம் கடினமான இடம் என்பேன். மேற்கே மலை நெருங்கி நிற்பதால் கம்பம், கூடலூர், போடி பக்கம் மாலை வெளிச்சம் சீக்கிரம் போய்விடும். முகூர்த்தத்தை விடியலுக்கு முன்பே குறிப்பார்கள். வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவின் அழகெல்லாம் இரவில்தான். குலதெய்வக் கோயில் உள்மண்டபத்தில் எண்ணெய் விளக்குதான் வெளிச்சம். பாவை நன்றாக விரிந்திருக்கும் நேரம் பார்த்துத்தான் நம்மைக் கூப்பிடுகிறார்கள்.

ஒரு ஆறுதல் உண்டு. கருவிழி கறுத்த மக்களுக்கு விழியின் அடிப்பக்கத்திலும் கருமை அதிகம். அது ஒளியில் ஒரு பங்கை விழுங்கிவிடும். அதனால் நம் ஆட்களுக்கு வருவது மேல்நாட்டுப் படங்களில் பார்க்கும் எரிகிற சிவப்பு அல்ல, மங்கிய செம்பழுப்பு. வயது ஏற ஏறப் பாவை சிறுத்துப்போவதால் பாட்டிகளுக்கு அவ்வளவாக வராது. பேரப்பிள்ளைகளுக்கு வரும். படத்தில் யார் கண் அதிகம் சிவந்திருக்கிறது என்று பார்த்தால் பெரும்பாலும் அது சின்னப் பிள்ளையாகத்தான் இருக்கும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

மாடு, நாய், பூனை கதை வேறு. இவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அடிக்கும் தனிப் படலமே உண்டு. குமுளி மலைப்பாதையில் இரவில் ஜீப் விளக்கு பட்டதும் பச்சையாகவோ மஞ்சளாகவோ மின்னுகிற கண்கள் அவைதான். மேகமலைக் காட்டில் தானியங்கிக் கேமராவில் சிக்கும் விலங்குகளின் கண்ணும் அப்படித்தான். மனிதருக்கு அந்தப் படலம் இல்லை. ஜல்லிக்கட்டுக் காளையோடு நிற்கும் படத்தைச் சிவப்பு நீக்கும் கருவியால் திருத்தப் பார்த்தால் காளையின் கண் அசையாது. கருவி தேடுவது சிவப்பை, அங்கே இருப்பது பச்சை.

பாரதிராஜா பிறந்த அல்லிநகரம் பக்கத்திலேயே இருக்கும்போது சினிமாவைத் தொடாமல் போக முடியுமா? சினிமாக் கதாநாயகியின் கண் ஏன் சிவப்பதில்லை? அங்கே விளக்குகள் தொடர்ந்து எரிகின்றன, பாவை ஏற்கெனவே சுருங்கிவிட்டது. விளக்கும் லென்ஸை விட்டு வெகு தூரத்தில் இருக்கிறது. 1982இல் வந்த 'பிளேடு ரன்னர்' என்ற ஆங்கிலப் படத்தில், மனிதரைப் போலச் செய்யப்பட்ட உயிர்களின் கண் செம்பொன்னாய் மின்ன வேண்டும் என்பதற்காக, பாதி ஒளியை மட்டும் விடும் கண்ணாடியை லென்ஸ் முன் வைத்து, லென்ஸின் நேர்கோட்டிலேயே ஒளியை அனுப்பினார்கள். நாம் தவிர்க்கத் துடிப்பதை அவர்கள் வேண்டி வரவழைத்தார்கள்.

இனி, வராமல் தடுப்பது. மென்பொருளில் செய்யும் எந்தத் திருத்தமும் இதற்கு ஈடாகாது என்பது என் உறுதியான கருத்து. பிளாஷைக் கேமராவை விட்டுப் பிரித்து, குடையோடு ஓரமாக நிறுத்துங்கள். அதுவே சிறந்தது. அதற்கு வசதியில்லாத இடத்தில் பிளாஷ் தலையை மேலே திருப்பிக் கூரையில் அடித்து இறக்குங்கள். ஆனால் நம் ஊர்ப் பந்தலில் ஒரு சிக்கல். மேலே சிவப்பும் மஞ்சளுமாகத் துணி கட்டியிருப்பார்கள். அதில் அடித்து இறக்கினால் மணமகள் முகம் முழுக்க அந்த நிறம் ஏறிவிடும். கண்ணில் இருந்த சிவப்பை முகத்துக்கு மாற்றியதுதான் மிச்சம். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு வெள்ளை அட்டையைப் பிளாஷின் பின்னால் கட்டிக்கொள்ளலாம். வீட்டில் எடுக்கும்போது இருக்கும் விளக்கையெல்லாம் போடச் சொல்லுங்கள், பாவை தானாகச் சுருங்கும். கேமராவில் முன்கூட்டியே இரண்டு மூன்று முறை வெட்டும் அமைப்பு இருக்கிறது. அதுவும் பாவையைச் சுருக்கத்தான். ஆனால் முதல் வெட்டிலேயே படம் எடுத்தாகிவிட்டது என்று நினைத்து ஆட்கள் கலைந்துவிடுவார்கள். கூட்டத்தில் அது உதவாது.

பாஸ்போர்ட் படத்துக்குத் தனியாக ஒரு சொல். சர்வதேசக் குடிசார் விமானப் போக்குவரத்து அமைப்பின் அளவுகோல்படி சிவப்புக் கண் உள்ள படம் செல்லாது. அதைக் கணினியில் திருத்திக் கொடுக்கலாமே என்று எண்ண வேண்டாம். அது அடையாள ஆவணம். சிவப்பு விழாமல் மறுபடி எடுத்துக் கொடுப்பதுதான் முறை.

எல்லாவற்றையும் மீறிச் சிவப்பு விழுந்துவிட்டது, என்ன செய்வது? அச்சுப் படக் காலத்தில் பிரிண்டின் மேலேயே தடவிச் சரிசெய்ய ஒரு மைப்பேனா விற்றது. கை நடுங்கினால் கண் போச்சு. போட்டோஷாப் 1990இல் வந்தது. சிவப்புக் கண்ணுக்கென்றே தனிக் கருவி அதில் 2005இல் வந்த சிஎஸ் 2 பதிப்பில்தான் சேர்ந்தது. காசில்லாமல் கிடைக்கும் கிம்ப் மென்பொருளிலும் அதன்பின் 2.4 பதிப்பிலிருந்து இருக்கிறது. போட்டோஷாப்புக்கு வாடகைக் கட்டணம் கட்ட முடியாத சின்ன ஸ்டூடியோக்காரர்கள் கிம்ப்பை எடுத்துப் பாருங்கள், இந்த வேலைக்கு அது தாராளமாகப் போதும்.

உள்ளே நடப்பது எளிய கணக்கு. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. சிவந்த பாவையில் ஒரு புள்ளி 180, 50, 44 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பச்சையும் நீலமும் சரியாகத்தான் இருக்கின்றன, சிவப்பு மட்டும் எகிறியிருக்கிறது. பச்சைக்கும் நீலத்துக்கும் சராசரி 47. சிவப்பின் இடத்தில் 180ஐ எடுத்துவிட்டு 47 என்று வைத்துவிட்டால் அந்தப் புள்ளி இயல்பான கருமைக்கு வந்துவிடும். பாவையில் விழுந்திருக்கும் வெள்ளைப் பொட்டு வெளிச்சத்தில் மூன்று எண்ணும் உயர்ந்தே இருப்பதால் அது அழியாது. பார்வைக்கு உயிர் கொடுப்பது அந்த வெள்ளைப் பொட்டுத்தான். பாவையின் மேல் கறுப்பைப் பூசுகிறவர்கள் முதலில் கொல்வதும் அதைத்தான். அப்படிப் பூசிய படங்களில் ஆள் பொம்மை மாதிரி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

கணக்கு எளிது, எங்கே கணக்குப் போடுவது என்பதுதான் கடினம். தானியங்கி வழியில் மென்பொருள் முதலில் முகத்தைத் தேடும். 2001இல் பால் வயோலா, மைக்கேல் ஜோன்ஸ் என்ற இருவர் கொடுத்த முறைக்குப் பிறகு முகம் தேடுவது கணினிக்கு நொடிப் பொழுது வேலையாயிற்று. முகத்துக்குள் சிவப்பாக, வட்டமாக, இன்ன அளவுக்குள் இருப்பது எது என்று அடுத்துத் தேடும். நம் பெண்கள் முகத்தில் சிவப்பாக, வட்டமாக, கண்ணுக்குப் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறதே! குங்குமப் பொட்டு. கிம்ப்பில் கண்ணைத் தேர்வு செய்யாமல் சிவப்பு நீக்கும் கருவியைப் படம் முழுக்க ஓட்டினால் பொட்டு கறுக்கும், உதடு வெளுக்கும், மூக்குத்தியின் சிவப்புக் கல் சாம்பல் பூத்துப்போகும். கல்யாண ஆல்பத்தில் மணமகளின் குங்குமம் கறுத்திருந்தால் அந்த வீட்டுப் பெரியவர்கள் மனம் என்ன பாடுபடும் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நூற்றுக்கணக்கான படங்களை மொத்தமாகத் தானியங்கித் திருத்தத்தில் விடாதீர்கள். கண்ணை நீங்கள் தேர்ந்தெடுங்கள், கணக்கை அது போடட்டும்.

கையால் செய்யும்போது நான் சொல்லித் தரும் வழி இது. மூலப்படத்தைத் தொடாமல், பிரதி ஒன்றின்மேல் வேலை செய்யுங்கள். நன்றாகப் பெரிதாக்கிப் பாவையை மட்டும் வட்டமாகத் தேர்ந்தெடுத்து, விளிம்பை ஓரிரு புள்ளி அளவுக்கு மென்மையாக்குங்கள். போட்டோஷாப் கருவியில் பாவையின் அளவு, கருமையின் அளவு என்று இரண்டே அமைப்புகள், இரண்டும் 50 சதவீதத்தில் நிற்கும். நம் ஆட்களின் மங்கிய சிவப்புக்குக் கருமையைக் குறைத்து வைத்துத் தொடங்குங்கள், தேவைப்பட்டால் ஏற்றிக்கொள்ளலாம். அதன்பின் பலர் கவனிக்காமல் விடும் இடம் ஒன்று உண்டு. சிவப்பு பாவையோடு நிற்காமல் சுற்றியுள்ள கருவிழியிலும் கசிந்திருக்கும். அங்கே சிவப்பை முழுதாக எடுத்தால் கருவிழி சாம்பல் நிறமாகிவிடும். நம் கருவிழி பழுப்பு, பழுப்புக்குச் சிவப்பு வேண்டும். அதே ஆளின் வேறொரு படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பழுப்பைத் திருப்பிக் கொடுங்கள். கடைசியாக 100 சதவீதத்துக்கு வந்து இரண்டு பாவையும் ஒரே அளவா, இரண்டு கண்ணிலும் வெள்ளைப் பொட்டு ஒரே திசையிலா என்று பாருங்கள். இல்லாத வெள்ளைப் பொட்டை வரைந்து சேர்க்காதீர்கள். கண் எங்கோ பார்ப்பது போலாகிவிடும்.

தொழில் இவ்வளவுதான். இனி, பின்னால் சொல்வதாகச் சொன்னதற்கு வருகிறேன்.

சிவப்புக் கண்ணை நாம் குறை என்கிறோம். கண் மருத்துவருக்கு அது நல்ல செய்தி. பிறந்த குழந்தையின் இரு கண்ணிலும் விளக்கடித்து மருத்துவர் தேடுவதே அந்தச் சிவப்பைத்தான். இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி சிவப்பு திரும்பி வந்தால் ஒளி போகிற வழி தெளிவாக இருக்கிறது என்று பொருள். ஒரு கண் சிவப்பாகவும் மறு கண் வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருந்தால், வழியில் ஏதோ மறிக்கிறது. பிறவியிலேயே வந்த கண்புரையாக இருக்கலாம். விழித்திரையின் வேறு நோயாக இருக்கலாம். ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

அது சின்னக் குழந்தைகளின் நோய். ஐந்து வயதுக்குள்தான் பெரும்பாலும் வரும். இரண்டு கண்ணிலும் வந்தால் ஒரு வயதை ஒட்டியும், ஒரு கண்ணில் வந்தால் இரண்டு வயதை ஒட்டியும் தெரியவரும். பிறக்கும் குழந்தைகளில் 15,000 முதல் 20,000 பேருக்கு ஒருவருக்கு என்பது உலகக் கணக்கு. அபூர்வம்தான். ஆனால் நம் நாட்டின் பிறப்பு எண்ணிக்கைக்கு அது ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். சீக்கிரம் கண்டால் உயிரைக் காக்கலாம், பல சமயம் கண்ணையும் காக்கலாம். வசதியான நாடுகளில் இந்த நோய் வந்த குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் பிழைத்துவிடுகிறார்கள். நம் நாட்டில் அப்படிச் சொல்ல முடியாததற்கு முதல் காரணம், கண் பிதுங்கும் அளவுக்கு முற்றியபின் கொண்டுவருவதுதான். முதல் அடையாளமான அந்த வெள்ளை வெளிச்சத்தை யார் பார்க்கிறார்கள்? பெரும்பாலும் மருத்துவர் அல்ல, வீட்டார். பல சமயம் ஒரு பிளாஷ் படத்தில்.

அமெரிக்காவில் டெக்சாஸிலுள்ள பேய்லர் பல்கலைக்கழகத்தில் பிரையன் ஷா என்று ஒரு வேதியியல் பேராசிரியர். அவர் மகனுக்கு இந்த நோய் வந்தது. படங்களில் வெள்ளையை முதலில் கவனித்தது தாய். சிகிச்சைக்குப் பின் தகப்பன் உட்கார்ந்து பழைய படங்களையெல்லாம் புரட்டினார். பிறந்து 12 நாளில் எடுத்த படத்திலேயே அது இருந்தது. அவரும் சக ஆய்வாளர்களும் நோய் வந்த ஒன்பது குழந்தைகளின் 7,000க்கும் மேற்பட்ட வீட்டுப் படங்களை அளந்து 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிறகு கைபேசியில் இருக்கும் படங்களில் வெள்ளைக் கண்ணைத் தேடும் செயலி ஒன்றை இலவசமாகக் கொடுத்தார்கள். 2019இல் வந்த ஆய்வு முடிவு என் மனதை உலுக்கியது. கண் நோய் இருந்த 20 குழந்தைகளில் 16 பேருக்கு, மருத்துவர் கண்டுபிடிப்பதற்குச் சராசரியாக 1.3 ஆண்டுக்கு முன்பே வீட்டுப் படத்தில் அந்த வெள்ளை இருந்ததைச் செயலி காட்டிவிட்டது. ஒன்றேகால் ஆண்டுக்கு மேல் அந்தப் படம் அந்த வீட்டிலேயே கிடந்திருக்கிறது.

இதை நம் ஊரோடு சேர்த்துப் பாருங்கள். நம் பக்கம் பிள்ளைக்கு மொட்டை போட்டுக் காது குத்துவது எந்த வயதில்? ஒன்று, மூன்று என்று பெரும்பாலும் ஒற்றைப்படை வயதில். எங்கே? வெளிச்சம் குறைந்த குலதெய்வக் கோயிலில். தாய்மாமன் மடியில் பிள்ளை உட்கார்ந்திருக்கும். பாவை நன்றாக விரிந்திருக்கும். எதிரே ஓரிரு மீட்டரில் பிளாஷோடு நிற்பவர் நம்மில் ஒருவர். அந்த நோய் தலைகாட்டும் வயதில், அது தெரியக்கூடிய வெளிச்சத்தில், பிள்ளையின் இரண்டு கண்ணையும் நேருக்கு நேராகப் பதிவு செய்கிற ஒரே ஆள், பல வீடுகளுக்குப் புகைப்படக்காரர்தான். ஏலத் தோட்ட வேலைக்கு விடியுமுன் ஜீப் ஏறி மலைக்குப் போய்விட்டு இருட்டியபின் வரும் தாய் தகப்பனுக்குப் பிள்ளையின் பாவையை உற்றுப் பார்க்க ஏது நேரம்?

நாமோ படத்தைக் கொண்டுவந்து முதல் வேலையாகக் கண்ணைக் கறுப்பாக்கிவிடுகிறோம். சிவப்பு நீக்கும் கருவி வெள்ளையைத் தொடாது, பெரும்பாலும் விட்டுவிடும். விட்டதைப் பார்த்து, "இந்தக் கண்ணில் ரிஃப்ளெக்‌ஷன் அடிச்சிருக்கு" என்று நல்ல கண்ணை வெட்டி அதன்மேல் ஒட்டுவது நம் கைதான். படம் சுத்தமாகிவிடும். பிள்ளையின் உயிரைக் காத்திருக்கக்கூடிய ஒரே தடயம் அதோடு போய்விடும்.

பதற்றம் வேண்டாம், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு படத்தில் ஒரு கண் வெளுத்திருந்தால் உடனே நோய் என்று பொருளில்லை. பிள்ளை மூக்குப் பக்கமாகச் சுமார் 15 பாகை திரும்பிப் பார்த்தால், பார்வை நரம்பு விழிக்குள் நுழையும் வெளிர் வட்டத்தில் ஒளி பட்டு வெள்ளையாகத் தெரியும். ஆரோக்கியமான கண்ணிலும் இது நடக்கும். மாறாக, பிள்ளை நேராகப் பார்க்கும் படத்தில் ஒரு கண் வெளுத்திருந்தாலும், ஒன்றுக்கு மேற்பட்ட படங்களில் அதே கண் திரும்பத் திரும்ப வெளுத்திருந்தாலும் விடக் கூடாது. ஒரு கண்ணில் மட்டும் சிவப்பே வராமல் இருட்டாக இருப்பது, இரண்டு கண்ணும் வெவ்வேறு திசை பார்ப்பது, இவையும் காட்ட வேண்டியவை. மாறுகண் அதிர்ஷ்டம் என்று நம் ஊரில் விட்டுவிடுகிறார்கள். சின்னப் பிள்ளைக்கு வரும் மாறுகண் இந்த நோயின் இரண்டாவது பெரிய அடையாளம். கண்ணில் பூ விழுந்திருக்கிறது, வளர வளரச் சரியாகிவிடும் என்று காத்திருப்பதும் அப்படிப்பட்ட ஆபத்துத்தான். பிறவிக் கண்புரையாகவே இருந்தாலும் முதல் சில வாரங்களில் அறுவை செய்தால்தான் பார்வை நன்றாக வளரும். அங்கேயும் காலம்தான் விலை.

சந்தேகம் வந்தால் என்ன செய்வது? வீட்டாரைத் தனியாகக் கூப்பிடுங்கள். புற்று என்ற சொல்லை வாயில் எடுக்காதீர்கள், அதைச் சொல்ல நாம் மருத்துவர் இல்லை. "அக்கா, பாப்பாவோட இந்தக் கண்ணுல வெளிச்சம் வேற மாதிரி வருது. இந்தப் படத்தை எடுத்துக்கிட்டு ஒருதரம் கண் ஆஸ்பத்திரியில காட்டிருங்க, இந்த வாரமே காட்டிருங்க" என்று சொல்லுங்கள். திருத்தாத படத்தை அச்சிட்டுக் கையில் கொடுங்கள். அந்த வீட்டில் வேறு குழந்தைகள் இருந்தால் அவர்களையும் காட்டச் சொல்லுங்கள், இந்த நோயில் ஒரு பகுதி பரம்பரையாக வருவது. படத்தில் சரியாக இருக்கிறது என்பதை வைத்து, கண்ணில் நோயில்லை என்று யாருக்கும் உறுதி மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

காட்டுவதற்கு நாம் தூரம் போக வேண்டியதில்லை. 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தேனியிலேயே எண்பதுகளிலிருந்து கிளை இருக்கிறது. க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் மருத்துவக் குழு வருகிறது, காசு கிடையாது. மேல்சிகிச்சைக்கு மதுரையும் சென்னை சங்கர நேத்ராலயாவும் உண்டு.

கைபேசியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இப்போது வீட்டுப் படமெல்லாம் கைபேசியில்தான். இரவிலும் பிளாஷ் இல்லாமலே எடுத்துவிடுகிறது, பலவற்றில் கண்ணைத் தானே திருத்தியும் விடுகிறது. சிவப்புக் கண் என்பதையே பார்க்காத பிள்ளைகள் வளர்ந்து வருகிறார்கள். படம் அழகாக இருக்கிறது. வெள்ளைக் கண்ணும் அதோடு சேர்ந்து கண்ணுக்கு மறைகிறது. அதனால் முன்பைவிட இப்போதுதான் பிளாஷோடு நிற்கும் தொழில்காரரின் படத்துக்கு மதிப்பு கூடியிருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருக்கும் எந்த நிகழ்ச்சியானாலும், கண்ணைத் திருத்தும் முன் ஒவ்வொரு பிள்ளையின் இரண்டு கண்ணையும் பெரிதாக்கி ஒருமுறை பாருங்கள். திருத்தாத மூலப்படங்களை ஒரு வருடமாவது அழிக்காமல் வையுங்கள், கேட்டால் பெற்றோருக்குக் கொடுங்கள். இந்த மாத முகூர்த்தத்திலேயே தொடங்கிவிடுங்கள். ஸ்டூடியோவில் கணினி முன் உட்காரும் பையனுக்கும் பொண்ணுக்கும் இன்றைக்கே இதைச் சொல்லிக் கொடுங்கள்.